அசையலாம் என்று சொல்லும் வரை

அந்த மருத்துவமனைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு. நல்ல வெயில். பயப்பட ஒரு முகாந்திரமும் இல்லாத நேரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாலே எல்லோரும் "ராத்திரியா போனீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. இதில் ராத்திரிக்கு வேலையே இல்லை.

நுரையீரல் நோயாளிகளுக்காக மலைச்சரிவில் கட்டிய பழைய மாடிக் கட்டிடம் அது. பூட்டிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை இடிக்கவிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து வைக்க வேண்டும், சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கினாலும் கட்டில் காலின் துரு தெரிய வேண்டும் என்று நிர்வாகத்தில் யாரோ ஒருவர் ஒற்றைக்காலில் நின்றதால் வேலை என்னிடம் வந்தது.

என்னுடையது மரப்பெட்டிக் கேமரா. முன்னால் லென்ஸ், பின்னால் பால் கண்ணாடி, நடுவில் துருத்தி. கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு பார்த்தால் எதிரே இருப்பதெல்லாம் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும். ஃபோகஸ் சரியானதும் ஃபிலிம் வைத்த ஹோல்டரைக் கண்ணாடிக்கு முன்னால் செருக வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு தாள் ஃபிலிம். செருகிய பிறகு கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஷட்டரைத் திறந்துவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வெளிச்சம் குறைந்த அறை என்றால் ஷட்டர் ஐந்தாறு நிமிடம்கூடத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் யாராவது குறுக்கே நடந்து போனாலும் படத்தில் இருக்க மாட்டார்கள். அசையாமல் இருப்பது மட்டும்தான் விழும். அதனால் இரண்டு வாக்கியங்கள் என் வாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. திறக்கும் முன் "அசையாதீங்க". மூடிய பிறகு "ஆச்சு, அசையலாம்". ஒருமுறை இரண்டாவதைச் சொல்லாமல் ஹோல்டரோடு இருட்டறைக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் ஒரு குடும்பமே, கைக்குழந்தை நீங்கலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆளில்லாத இடத்தை எடுக்கும்போதும் பழக்கதோஷத்தில் இது வந்துவிடும். "அண்ணா, அந்தக் குன்று ரொம்ப நேரமா விறைச்சுப்போய் நிக்குது. பாவம், விட்டுடு" என்பாள் என் தங்கை.

வெளிவேலைக்கு எனக்குத் துணை அவள்தான். வீட்டில் அவளுக்குப் பெயர் சுண்டெலி. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும், இரண்டையும் கட்டிப்போட்டால் வாய் ஆடும். கல்யாணமாகி, நான்கு வயதில் அவளை அப்படியே உரித்துவைத்த ஒரு பெண்ணும் இருக்கிறாள். இத்தனை வருடத்தில் நான் எடுத்த எந்தப் படத்திலும் தங்கைக்கு முகம் கிடையாது. கழுத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் புகை இருக்கும். நம் ஆல்பத்தில் இருக்கும் ஒரே பேய் இவள்தான் என்று எல்லோரும் சிரிப்போம். என்றைக்காவது ஒரு நாள் அவளைத் தெளிவாக எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது. அந்த வீம்பை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

காவலாளி வயதானவர். மருத்துவமனை நடந்த காலத்தில் அங்கேயே வார்டுகளைக் கூட்டித் துடைத்தவராம். கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, நிழல் பார்த்துக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். தாழ்வாரத்திலிருந்து பள்ளத்தாக்கை ஒன்று எடுத்தேன். சமையல்கூடம், மருந்து அறை, எக்ஸ்ரே அறை என்று முடித்துவிட்டு மாடி வார்டுக்கு வந்தோம்.

நீளமான அறை. பக்கத்துக்குப் பத்தாக இருபது இரும்புக் கட்டில்கள். மெத்தை இல்லை, வெறும் ஸ்பிரிங் வலை. கோடியில் ஜன்னலோரமாகச் சுவரைப் பார்த்தபடி ஒரு மர நாற்காலி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகையில் எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது.

ஓய்வு நேரம் பிற்பகல் 2 முதல் 4 வரை. பேசக் கூடாது. படிக்கக் கூடாது. அசையக் கூடாது.

தங்கை அதைப் படித்துவிட்டு, "நான் இங்க நோயில செத்திருக்க மாட்டேன், இந்த போர்டாலதான் செத்திருப்பேன்" என்றாள். கடைசிக் கட்டிலில் போய் உட்காரச் சொன்னேன். ஆள் ஒருவர் இருந்தால்தான் அறையின் நீளம் படத்தில் பிடிபடும். அவள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கிறீச்சிட்டது, உடனே காலை ஆட்ட ஆரம்பித்தாள்.

துணிக்குள் போய் ஃபோகஸ் பார்த்தேன். வெளிச்சத்தை அளந்ததில் ஆறு நிமிடம் வந்தது. தரையில் ட்ரைபாட் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் குறி போட்டேன். ஹோல்டரைச் செருகி, ஃபிலிமை மறைத்திருக்கும் தகட்டை உருவினேன். மணி இரண்டு ஐந்து.

அப்போதுதான் அந்தக் கோமாளித்தனத்தைச் செய்தேன். இரண்டு வரிசைக் கட்டில்களையும் பார்த்து, மேடையில் பேசுகிறவன் போலக் கையை விரித்து, "எல்லாரும் கொஞ்சம் ஒத்துழைக்கணும். யாரும் அசையாதீங்க" என்றேன்.

தங்கை சிரிக்க வாயைத் திறந்தாள். நான் ஷட்டரைத் திறந்தேன்.

ஒரு ஸ்பிரிங் முனகியது. அவளுடையது என்று நினைத்தேன். அடுத்து இன்னொன்று, என் பக்கத்திலேயே. பிறகு வரிசையாக, பலர் ஒரே நேரத்தில் உடம்பை நீட்டிச் சாய்கிற மாதிரி, அறை முழுவதும் ஒரு முனகல் போய் அடங்கியது.

அதன் பிறகு சத்தமே இல்லை.

வெளியே கத்திக்கொண்டிருந்த காக்கையைக்கூடக் காணோம். ஃபினாயில் வாசனை வந்தது. பதினெட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த அறையில், இப்போதுதான் துடைத்துவிட்டுப் போன மாதிரி வந்தது.

தங்கையைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. கால் நின்றிருந்தது, கை மடியில் இருந்தது. சிரிக்கத் திறந்த வாய் மூடியிருந்தது. எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. இன்றைக்குச் சிக்கினாள் என்று நினைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

ஆறு நிமிடம் முடிந்து ஷட்டரை மூடித் தகட்டைச் செருகும்போதே கீழே ஹாரன் அடித்தது. இடிக்கிற இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு லாரி வந்திருந்தது, எங்கள் வேன் வழியை மறித்து நின்றது. காவலாளி என்னைக் கூப்பிட்டார். ஹோல்டரைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினேன். வேனைப் பின்னால் எடுத்து, லாரிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்பி மேலே வர இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சரி சரி, நடிச்சது போதும். கிளம்பு" என்றேன். கையைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை சில்லென்று இருந்தது. இழுத்த இழுப்புக்கு எழுந்து வந்தாள். வேனில் ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இருட்டறைக்குப் போனோம். ஃபிலிமைக் கழுவும்போது சிவப்பு விளக்குகூடக் கூடாது, முழு இருட்டு வேண்டும். தாள்களை டெவலப்பர் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, விரலால் தடவி அடித்தாளை மேலே எடுத்துக்கொண்டே இருப்பேன். தங்கை பக்கத்தில் நின்று நேரம் எண்ணுவாள். நடுநடுவே பாடுவாள், யாரையாவது திட்டுவாள், வளையலை உருட்டுவாள். அந்த இருட்டில் அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரிவது அந்தச் சத்தத்தால்தான்.

அன்று எண்ணவில்லை. வளையல் சத்தமில்லை. மூச்சுகூடக் கேட்கவில்லை.

"இருக்கியாம்மா?" என்றேன்.

என் காதுக்கு மிக அருகில், உதடு அசையாமல் பேசுகிற குரலில் பதில் வந்தது. "நீ இன்னும் சொல்லலையே."

என்ன சொல்லவில்லை என்று கேட்டேன். தாள்களைக் கழுவி முடித்து விளக்கைப் போட்டபோது அவள் கதவருகே முதலில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். அவளை அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்து, ஃபிலிம் காய்ந்ததும் ஒளிமேசையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன்.

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். எனக்கு அது பழக்கம், மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்த்துவிடுவேன். அன்று திருப்ப மனம் வரவில்லை.

கட்டில்கள் காலியாக இல்லை.

தங்கையுடையது போக மற்ற பத்தொன்பதிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். போர்வை கழுத்து வரை இருந்தது, மடிப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. எல்லோருடைய தலையும் கேமரா பக்கம் திரும்பியிருந்தது. ஆறு நிமிடம் ஒருவரும் இமைக்கவில்லை, ஏனென்றால் அத்தனை கண்களும் கூர்மையாக விழுந்திருந்தன. கோடியில் என் தங்கை. வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்கு முகம் இருந்தது. அவளுக்குப் பின்னால் தொப்பி வைத்த ஒரு நர்ஸ் குனிந்து, காய்ச்சல் பார்ப்பது போல அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை இரண்டரை மணிக்கு மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், போன் செய்தார். அவர் சாதாரணமாகப் பதறுகிற ஆள் இல்லை.

"மச்சான், ரெண்டு மணிக்குக் கட்டில்ல உட்கார்ந்தா. அப்படியே இருக்கா. கண்ணு திறந்திருக்கு. கூப்பிட்டா காது கேக்கல."

போனேன். அப்படியேதான் இருந்தாள். மகள் மடியில் ஏறி உலுக்கினாள், கன்னத்தைக் கிள்ளினாள், பிறகு அழ ஆரம்பித்தாள். டாக்டர் வந்தார். நாடி சரி, ரத்த அழுத்தம் சரி, எல்லாம் சரி என்றார். வாயில் விட்ட தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே நிலைதான். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், தண்ணீர் இறங்காமல் ரொம்ப நேரம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வண்டிக்குச் சொல்லப் போன நேரத்தில் நான் அவள் காதருகே குனிந்து, வெட்கத்தை விட்டு, "ஆச்சு, அசையலாம்" என்றேன். இருட்டறையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்துகொள்ளப் பயந்தேன், அதுதான் உண்மை.

அவள் உதடு லேசாகப் பிரிந்தது. "எனக்கு மட்டும் சொன்னா எப்படி? எல்லாரும் படுத்திருக்காங்க."

கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திங்கட்கிழமை காலையில் அந்த வார்டே இருக்காது. அவர்கள் அப்படியே படுத்திருக்க, கட்டிடம் அவர்கள் மேல் விழுந்துவிட்டால் என் தங்கையை யார் எழுப்புவது என்ற ஒரே நினைப்புதான் வழி முழுவதும் இருந்தது.

காவலாளியிடம் நெகட்டிவைக் காட்டினேன். வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. ஓய்வு நேரத்தில் அசைந்தால் நுரையீரல் கிழியும் என்று நோயாளிகளிடம் சொல்லியிருந்தார்களாம். அதனால் இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து அசையாதே என்றால், நான்கு மணிக்கு அவளே வந்து அசையலாம் என்று சொல்லும் வரை ஈ உட்கார்ந்தாலும் விரட்ட மாட்டார்களாம். ஒரு நாள் நான்கு மணி ஆகியும் அவள் சொல்லவில்லை. பொழுது சாயும் நேரத்தில் இவர் துடைப்பத்தோடு போனபோது இருபது பேரும் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்கள். நர்ஸ் கோடி நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தாள்.

"நான்தான் சார் எல்லார்கிட்டயும் அசையலாம்னு சொன்னேன். எந்திரிச்சிட்டாங்க" என்றார் காவலாளி. நெகட்டிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்த நர்ஸம்மாவுக்கு யார் சார் சொல்றது?" என்று கேட்டார்.

வார்டில் ஒருவரும் இல்லை. வெறும் ஸ்பிரிங் வலைகள், சாக்பீஸ் குறி, வெயில். வெறும் அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்து, அது பலிக்காமல் போய்விட்டால் எனக்கு இன்னொரு நாள் கிடையாது. அவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். குறியின் மேலேயே ட்ரைபாடை வைத்தேன். இரண்டு மணி ஆனதும் துணிக்குள் தலையை விட்டேன்.

கண்ணாடியில் கட்டில்கள் தலைகீழாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். கடைசிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளின் சட்டை எனக்குத் தெரியும். நான் வாங்கிக் கொடுத்தது.

துணியை விலக்கி வெளியே பார்த்தேன். காலிக் கட்டில்கள்.

மறுபடி உள்ளே போனேன். எல்லோரும் என்னைப் பார்த்தபடி இருந்தார்கள்.

கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னேன். "ஆச்சு. எல்லாரும் அசையலாம்."

இருபது ஸ்பிரிங்குகளும் ஒன்றாக முனகின. போர்வைகள் விலகின. தலைகீழாகக் கால்களை இறக்கி, தலைகீழாக எழுந்து, எல்லோரும் கேமராவை நோக்கி நடந்து வந்தார்கள். கிட்டே வர வர ஃபோகஸ் கலைந்து உருவங்கள் பெரிதாகி, கண்ணாடி முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டது. என் இரண்டு பக்கமும் வெறுங்கால்கள் போகிற சத்தம் கேட்டது. ஒருவர் இருமினார். யாரோ வெகுநாள் கழித்து விடுகிற ஒரு பெருமூச்சு என் முழங்கையில் பட்டது. கதவைத் தாண்டி, படியிறங்கி, சத்தம் தேய்ந்து போனது.

கண்ணாடி மெல்லத் தெளிந்தது. எல்லாக் கட்டில்களும் காலி. என் தங்கையும் இல்லை.

நர்ஸ் மட்டும் கோடியில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் இமைத்தேன். கோடியில் அவள் இல்லை.

துணிக்கு வெளியே, என் உச்சந்தலைக்கு மேல், ஒரு உள்ளங்கை மெதுவாக வந்து படிந்தது. அழுத்தவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற கைதான். நான் ஒரு சிலையைப் போல நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சட்டைப்பையில் போன் அடித்தபோது அந்தக் கை விலகியது.

"மச்சான், எந்திரிச்சிட்டா! ஒரு சொம்பு தண்ணியை ஒரே மடக்கில குடிச்சிட்டா. எதுக்கு எல்லாரும் அழுறீங்கன்னு எங்களைத் திட்டுறா" என்றார் மாப்பிள்ளை. அந்தக் கட்டில்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து நானும் வாய்விட்டு அழுதேன்.

திங்கட்கிழமை கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். நெகட்டிவை எரித்துவிட்டேன். தங்கை பழைய சுண்டெலியாகிவிட்டாள், அவளுக்கு அந்த மூன்று நாளும் நினைவில்லை. நான் "அசையாதீங்க" என்று சொல்வதையே விட்டுவிட்டேன். வருகிறவர்களிடம் "இயல்பா இருங்க" என்பதோடு சரி. படங்கள் கொஞ்சம் கலங்கித்தான் விழுகின்றன. விழட்டும். பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை ஸ்டூடியோவைப் பூட்டிவிடுகிறேன்.

இன்று தங்கை தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் படம் வேண்டும் என்று அழைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றரைக்கெல்லாம் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார வைத்தேன். குட்டியோ ஸ்டூலில் ஏறினாள், இறங்கினாள், விளக்கைத் தொட்டாள், தலையைச் சொறிந்தாள். நேரம் போனதே தெரியவில்லை. எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கை வழக்கம்போலக் காலாட்டிக்கொண்டு, செருப்பால் தரையில் தாளம் போட்டபடி, "இவ முகம் உனக்குக் கிடைக்காது அண்ணா, இது பரம்பரை" என்று கேலி செய்தாள். நானும் சிரித்துக்கொண்டே துணிக்குள் போனேன்.

கண்ணாடியில் குட்டி தலைகீழாக நெளிந்துகொண்டிருந்தாள். குமிழைத் திருகி ஃபோகஸைக் கொண்டுவந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தெளிந்து, அப்படியே நின்றது. ஒரு முடிகூட ஆடவில்லை.

ஃபினாயில் வாசனை வந்தது.

துணியை வீசிவிட்டு, ஷட்டரைத் தொடாமலே, "ஆச்சு, அசையலாம் செல்லம். இறங்கு" என்றேன்.

குட்டி இறங்கவில்லை. நேராக லென்ஸையே பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் பேசினாள்.

"மாமா, நீங்க அசையாதேன்னு சொல்லவே இல்லையே. தொப்பி வச்ச ஆன்ட்டிதான் சொன்னாங்க. அவங்கதான் விடணும்."

எனக்குப் பின்னால் செருப்புத் தாளம் நின்றுபோயிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐந்து. நான்கு மணிக்கு அந்த நர்ஸ் வந்து சொல்வாளா என்று எனக்குத் தெரியாது.